தரையும் பாதமும்: நடை பழகும் குழந்தைக்கு எந்தக் காலணி?

பிள்ளைத்தமிழ் நூல்களில் வாரானைப் பருவம் என்றொரு பகுதி உண்டு. ஒரு வயதை ஒட்டிய குழந்தையைத் தளிர்நடை நடந்து வரும்படி அழைக்கும் பாடல்கள் அவை. அந்தக் குழந்தையின் காலில் சதங்கை இருக்கும், கிண்கிணி இருக்கும், செருப்பு இருக்காது. தமிழர் செருப்பை அறியாதவர்கள் அல்லர். சங்க இலக்கியத்திலேயே தொடுதோல், அடிபுதையரணம் என்ற சொற்கள் வருகின்றன. ஆனால் அவை காட்டு வழியிலும் வறண்ட நிலத்திலும் நெடுந்தூரம் போகிறவர்களின் காலுக்கு உரியவை. நடப்பதற்கென்று எதுவும் வேண்டாம், போகும் வழிக்குத்தான் காலணி என்ற எண்ணம் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

பின்னாளில் இதே கேள்விக்குப் பலர் பதில் சொன்னார்கள். உடற்கூற்றியலாளர்கள் பாதத்தின் வடிவத்திலிருந்தும், எலும்பு மருத்துவர்கள் தட்டைப் பாதத்திலிருந்தும், பொதுச் சுகாதாரத் துறையினர் கொக்கிப்புழுவிலிருந்தும், காலணித் தொழில் அளவு அட்டையிலிருந்தும் தொடங்கினார்கள். குழந்தை எந்தத் தரையில் நடக்கப்போகிறது என்பதிலிருந்து தொடங்கியவர்கள் குறைவு. அந்தக் குறை எங்கே உறைக்கிறது என்று பார்க்க, வடசென்னைக்கு அப்பாலுள்ள காட்டுப்பள்ளி பொருத்தமான இடம்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. மீனவக் குப்பங்களின் மண்ணாக இருந்த இடத்தில் இன்று காட்டுப்பள்ளித் துறைமுகமும், 2010-இல் திறக்கப்பட்ட கடல்நீர் குடிநீராக்கும் நிலையமும் இருக்கின்றன. தெற்கே காமராஜர் துறைமுகம், மேற்கே வடசென்னை அனல் மின்நிலையம். இங்கே ஒரு வயதுக் குழந்தை சில அடி தூரத்துக்குள் பல தரைகளைக் கடக்கிறது. வீட்டுக்குள் டைல்ஸ் அல்லது சிமெண்ட் தரை, வாசலில் மணல். மணலில் சிப்பி ஓட்டுத் துண்டு, நைலான் வலைக் கந்தல், சீமைக் கருவேல முள். ஓடைப் பக்கம் போனால் சாம்பல் படிந்த சேறு. உச்சி வெயிலில் மணலில் பெரியவர்களே கால் வைக்க முடியாது.

ஒரு வயதுப் பாதம்

பிறந்த குழந்தையின் பாதத்தில் பல எலும்புகள் குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. உள்வளைவின் உச்சியில் அமரும் படகெலும்பு இறுகத் தொடங்குவது ஏறத்தாழ மூன்று வயதில். அதுவரை வளைவு இருக்கவேண்டிய இடத்தைக் கொழுப்புத் திண்டு நிரப்பியிருக்கும். அதனால் நடை பழகும் குழந்தையின் ஈரக் கால்தடம் தரையில் முழுப் பலகைபோல் விழும். அமெரிக்க எலும்பு மருத்துவர் லின் ஸ்டாஹெலியும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் 441 பேரின் 882 பாதங்களை அளந்து, கைக்குழந்தைக்குத் தட்டைப் பாதம் இயல்பு என்றும், வளைவு முதல் பத்து ஆண்டுகளில் தானே உருவாகிறது என்றும் காட்டினார்கள்.

இந்த வயதில் பாதம் வளரும் வேகமும் அதிகம். பெண் குழந்தைக்கு ஒரு வயதிலும் ஆண் குழந்தைக்கு ஒன்றரை வயதிலும் பாதம் தன் இறுதி நீளத்தில் பாதியை எட்டிவிடுகிறது. காலை அகட்டி, கையைத் தூக்கிக்கொண்டு, முழுப் பாதத்தையும் ஒருசேரப் பதிக்கும் தத்தித் தத்திய நடை, குதிகால் முதலில் பதியும் நடையாக மாறுவது ஒன்றரை, இரண்டு வயதில்தான்.

நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாட்டின்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்து, 17 முறை விழுகிறார்கள். விழுவது பயிற்சியின் பகுதி. அதைச் செருப்பின் குறையாகவோ செருப்பு இல்லாத குறையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் தந்த கணக்கில், துணையின்றி நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதம் நடந்துவிட்டது என்று ஷூ வாங்க ஓடும் பெற்றோருக்கு இந்தக் கணக்கே போதிய ஆறுதல்.

திருத்தும் காலணி

காலணி பாதத்தைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டும், காலணி பாதத்தைத் திருத்தும் என்ற நம்பிக்கையும் ஐரோப்பாவில் ஒன்றாகவே வளர்ந்தன. டச்சு உடற்கூற்றியலாளர் பெட்ரஸ் காம்பர் 1781-இல் சிறந்த காலணியின் வடிவம் பற்றித் தனி நூலே எழுதினார். குதிரையின் குளம்புக்குக் காட்டும் அக்கறையை மனிதர் தம் காலுக்குக் காட்டவில்லை என்பது அவர் வருத்தம். இடது வலது வேறுபாடில்லாமல் நேர் அச்சில் காலணி தைத்த காலம் அது. 1858-இல் சூரிச்சின் ஹெர்மன் மேயர், பெருவிரலின் நேர்க்கோடு குதிகாலின் நடுவே செல்லும்படி காலணி அமைய வேண்டும் என்று வாதிட்டார். குழந்தைக் காலணியின் முன்பகுதி அகலமாக, விரல்கள் விரிய இடம் விட்டு இருக்க வேண்டும் என்று இன்று சொல்லப்படுவது அந்த வாதத்தின் தொடர்ச்சி.

மறுபக்கத்தில், லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் பெயரால் அறியப்படும் தாமஸ் ஹீல் என்ற குதிகால் அமைப்பு, உள்வளைவைத் தாங்கும் திண்டு, கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும் உயரமான பூட்ஸ் ஆகியவை குழந்தைகளுக்கு வழக்கமாக எழுதித் தரப்பட்டன. கணுக்கால் வலுவற்றது, அதைக் கட்டிப் பிடித்தால்தான் நடை நேராகும் என்பது இதன் அடிப்படை. நம் ஊர்க் கடைகளில் இன்றும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

இந்த நம்பிக்கை 1989-இல் வலுவாகச் சோதிக்கப்பட்டது. டல்லாஸில் டென்னிஸ் வெங்கர் குழுவினர், வளையும் தன்மையுள்ள தட்டைப் பாதம் கொண்ட ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 129 பேரைப் பிரித்து, சிலருக்குத் திருத்தும் ஷூவும் திண்டும் கொடுத்தார்கள், சிலருக்கு எதுவும் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளை நிறைவு செய்த 98 பேரில் எல்லாப் பிரிவினருக்கும் பாதம் ஒரே அளவில் தேறியிருந்தது. ஷூ போட்டதால் கூடுதல் பலன் இல்லை.

இந்த முடிவை அதன் எல்லைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். வலிக்கும் பாதம், விறைத்த பாதம், ஒரு கால் மட்டும் மாறித் தெரிவது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. பிறவியிலேயே உட்புறம் வளைந்த பாதத்துக்கு மாவுக்கட்டுச் சிகிச்சை முடிந்தபின் தரப்படும், கம்பியால் இணைத்த ஷூ முற்றிலும் வேறு பொருள். அதை இடையில் நிறுத்தினால் வளைவு திரும்பி வரக்கூடும். திருத்தும் ஷூ பயனற்றது என்று எங்கோ படித்துவிட்டு அதைக் கழற்றி வைப்பது குழந்தைக்குச் செய்யும் பெருந்தீங்கு.

மங்களூரின் 2,300 கால்தடங்கள்

வெறுங்காலே நல்லது என்ற தரப்புக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் சான்று நம் பக்கத்திலிருந்து போனது. உதய பாஸ்கர் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மங்களூர் மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுக் குழந்தைகள் 2,300 பேரின் கால்தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 விழுக்காடு. மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகம், செருப்பும் சாண்டலும் அணிந்தவர்களிடம் குறைவு, வெறுங்காலர்களிடம் மிகக் குறைவு. மூட்டுத் தளர்ச்சி உள்ள குழந்தைகளிடம் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிந்தது.

அடுத்து சச்சிதானந்தமும் ஜோசப்பும் 1995-இல் வளர்ச்சி முடிந்த 1,846 பேரை ஆராய்ந்தார்கள். ஆறு வயதுக்கு முன்பே ஷூ அணியத் தொடங்கியவர்களில் 3.24 விழுக்காடு, ஆறிலிருந்து பதினைந்துக்குள் தொடங்கியவர்களில் 3.27, பதினாறு வயதில் தொடங்கியவர்களில் 1.75 விழுக்காடு தட்டைப் பாதம்.

இவ்வெண்கள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை. முதல் ஆய்வின் குழந்தைகள் நான்கு வயதைக் கடந்தவர்கள். நடை பழகும் பருவத்தினர் அதில் இல்லை. கால்தடம் ஒரு நொடியின் படம். ஷூ அணிந்த பிள்ளைகளும் அணியாத பிள்ளைகளும் வீட்டு வசதியிலும் உடல் எடையிலும் விளையாடும் இடத்திலும் வேறுபட்டிருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி தராத தட்டைப் பாதம் நோயே இல்லை என்பதை ஸ்டாஹெலியின் அளவீடுகள் முன்பே சொல்லிவிட்டன. எனவே 8.6, 2.8 என்ற இடைவெளியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. மூடிய ஷூ குழந்தையின் பாதத்துக்கு நன்மை கூட்டுவதாகத் தெரியவில்லை என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதே திசையில் வேறு ஆய்வுகளும் உண்டு. 1905-இல் பில் ஹாஃப்மன் வெளியிட்ட ஒப்பீடு, செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்ட பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க மக்களின் பாதங்களை அளந்தது. மனிதரைக் காட்சிக்கு வைத்த அந்தக் கொடுமையை மறந்து அதன் முடிவை மட்டும் எடுத்தாள்வது தகாது. 1958-இல் ஹாங்காங்கில் சிம்-ஃபுக், ஹாட்ஜ்சன் இருவரும் படகிலேயே வாழ்ந்து காலணி அறியாதிருந்த மக்களை நகரவாசிகளோடு ஒப்பிட்டார்கள். படகு மக்களின் விரல்கள் விரிந்து நேராக இருந்தன. கடலோரக் குப்பங்களில் முதிய மீனவர்களின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது. 2017-இல் தென்னாப்பிரிக்க, ஜெர்மானியச் சிறார் 810 பேரை ஒப்பிட்ட ஆய்வும் வெறுங்காலில் வளர்ந்தவர்களின் உள்வளைவு சற்று உயர்ந்திருப்பதாகச் சொன்னது.

1991-இலேயே, அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்டாஹெலி, பாதம் வெறுங்காலில்தான் நன்றாக வளர்கிறது, காலணியின் வேலை பாதுகாப்பு மட்டுமே, எனவே வெறுங்காலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல காலணி என்றார். உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் இன்று சொல்லும் அறிவுரையின் வேர் இது. 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஷூ போட்ட பிள்ளைகள் நீண்ட அடி எடுத்து வேகமாக நடக்கிறார்கள், ஆனால் பாதத்துக்குள்ளான அசைவு குறைகிறது என்று கண்டது. விறைத்த அடிப்பாகம் உள்ள ஷூவில் புதிதாக நடப்பவர்கள் அதிகம் தடுமாறுவதாகச் சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன.

இங்கிருந்து ஒரு வணிகம் கிளம்பியது. வெறுங்கால் போன்ற ஷூ என்ற பெயரில் மெல்லிய அடிப்பாகமுள்ள விலையுயர்ந்த காலணிகள் விற்கப்படுகின்றன. வெறுங்காலில் வளர்ந்த குழந்தைகளிடம் கண்டதை மெல்லிய ஷூ போட்ட குழந்தைக்கும் பொருத்துவது நிரூபணமாகாத தாவல்.

வெறுங்காலின் இன்னொரு வரலாறு

வெறுங்காலைப் போற்றுவதற்கு முன் தமிழ்நாட்டில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இங்கே வெறுங்கால் எப்போதும் விருப்பமாக இருந்ததில்லை. ஆதிக்கச் சாதித் தெருக்களில் தலித் மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கொடுமை பல ஊர்களில் இருந்தது. அண்மைக் காலம்வரை நீடித்த இடங்களும் உண்டு. குழந்தைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிப் போட்டுப் பார்க்கும் ஆசையில் அந்த நினைவும் கலந்திருக்கலாம். பாத வளைவு பற்றிய ஆய்வைக் காட்டி அந்த ஆசையைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமையில்லை.

பொதுச் சுகாதாரத் தரப்பும் வேறொரு காரணத்தால் காலணியை வலியுறுத்துகிறது. ஈரமும் நிழலும் உள்ள மணல்பாங்கான மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழு காத்திருந்து பாதத் தோல் வழியே நுழைந்து குடலில் இரத்தம் குடிக்கிறது. 1920-களில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் சென்னை மாகாணத்தில் இதற்கெதிரான பணி நடந்தது. நாய், பூனைகளின் கொக்கிப்புழு கடற்கரை மணலில் மனிதத் தோலுக்குள் புகுந்து, நெளிந்த சிவப்புத் தடமாக அரிப்பு தரும். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று, காலணி அணிவோருக்குக் கொக்கிப்புழுத் தொற்று வாய்ப்பு ஏறத்தாழப் பாதி என்றது. அந்த ஆய்வுகளின் தரம் சீரானதாக இல்லை. செருப்பு போடும் வீட்டில் கழிப்பறையும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுதோறும் ஒரு வயது முதல் அங்கன்வாடி வழியாகத் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையும், 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் செருப்பால் முடியாத பாதுகாப்பைத் தருகின்றன. முள் குத்திய குழந்தைக்கு டெட்டனஸ் பயம் தீர்வது அந்த ஊசியால்தான்.

பாதுகாப்பையே மையமாக்கிக் காலணி செய்த முன்மாதிரியும் தமிழ்நாட்டில் உண்டு. வேலூரில் பால் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக உருவாக்கிய எம்.சி.ஆர். செருப்பு அது. முள் குத்தினாலும் தெரியாத காலுக்கு மென்மையான உள்தட்டும் உறுதியான அடித்தட்டும். நடை பழகும் குழந்தையின் நிலை இதற்கு நேரெதிர். தரையின் வழுக்கலையும் சாய்வையும் உள்ளங்காலால் உணர்ந்துதான் அது சமநிலை கற்கிறது. தடித்த அடிப்பாகம் அந்த உணர்வை மங்கவைக்கிறது; மெல்லிய அடிப்பாகம் முள்ளை உள்ளே விடுகிறது.

கடையில் அளவு

அளவு விஷயத்தில் தரப்புகளிடையே சண்டை குறைவு, கவனக்குறைவு அதிகம். நாம் பயன்படுத்தும் ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே 8.47 மி.மீ., அதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. இரண்டு மூன்று மாதத்தில் கால் வளர்ந்துவிடும் வயதில் இது பெரிய தாவல். ஆஸ்திரியாவில் 858 மழலையரை ஆராய்ந்த குழு 2009-இல், பெரும்பாலோர் தம் காலைவிடக் குட்டையான காலணியே அணிந்திருந்தார்கள் என்றும், காலணி குட்டையாகக் குட்டையாகப் பெருவிரல் வெளிப்பக்கம் சாய்வது கூடியது என்றும் கண்டது.

நம்மிடம் இதற்கு எதிரான பழக்கமும் உண்டு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும் கையோடு, வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாகச் செருப்பு வாங்கிவிடுவது. கழன்று ஓடும் செருப்பில் குழந்தை கால் தட்டி விழும். முன்னே ஒரு விரல் அகல இடைவெளி போதும். ஷூவின் மூக்கை அழுத்திப் பார்ப்பதை நம்ப முடியாது. குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும். மாலையில் குழந்தையை நிற்கவைத்து இரண்டு காலையும் தாளில் வரைந்து, வெட்டி, அந்தத் தாளைக் காலணிக்குள் போட்டுப் பார்ப்பது எளிய வழி. விரலிடுக்கில் வார் வைத்த ஹவாய் செருப்பைப் பிடித்து நடக்க இந்த வயதுக்குத் தெரியாது. குதிகாலைப் பின்னாலிருந்து பிடிக்கும் வாரும் ஒட்டுப் பட்டையும் வேண்டும். அடி வைக்கும்போதெல்லாம் பீப்பீ என்று கத்தும் ஷூவைக் குழந்தைகள் விரும்புகிறார்கள், ஆனால் ஒலிக்காகக் குதிகாலை ஓங்கிக் குத்தி நடப்பது நடை பழகும் காலுக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை.

சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய அச்சுகளைவிட அகலமானது என்று தெரிந்தது. ‘பா’ என்று பெயரிட்ட புதிய அளவுமுறையில் ஒரு வயதுவரை முதல் பிரிவு, ஒன்று முதல் மூன்று வயதுவரை இரண்டாம் பிரிவு. நடை பழகும் இந்தியக் குழந்தைக்கென்று இந்திய அளவுகளிலிருந்து ஒரு பிரிவு வகுக்கப்பட்டது பெரிய முன்னேற்றம்.

காட்டுப்பள்ளி மணலில்

இத்தனை பதில்களையும் கையில் வைத்துக்கொண்டு காட்டுப்பள்ளிக்குத் திரும்பினால், சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வீட்டுக்குள் வெறுங்கால் போதும். செருப்பை வாசலிலேயே கழற்றும் நம் வழக்கம், சாம்பலும் எண்ணெய்ப் பிசுக்கும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டாமல் காக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் ஓடையில் எண்ணெய் பரவியபின் இதன் மதிப்பு கூடியிருக்கிறது. காலை, மாலை வேளைகளில் பெருக்கிப் பார்த்த மணல் நடைபயில மிக நல்ல இடம். வெயில் ஏறியபின்னும், முள்ளும் சிப்பியும் கிடக்கும் பக்கத்திலும், ஓடைக் கரையிலும் காலணி கட்டாயம்.

அந்தக் காலணி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஆய்வுகள் துணைக்கு வர மறுக்கின்றன. வளையும், மெல்லிய அடிப்பாகமே சிறந்தது என்ற முடிவு பெரும்பாலும் சமதளமான, சுத்தமான ஆய்வுக்கூடத் தரையில் கண்டது. சீமைக் கருவேல முள் பெரியவர்களின் ரப்பர் செருப்பையே துளைத்து ஏறும். அதைத் தடுக்கும் தடிமன் குழந்தையின் காலை வளையவிடாது. மூடிய ஷூ விரலைக் காக்கும், ஆனால் உள்ளே புகுந்த மணல் தோலை உரசும். கடலோர வியர்வையில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். திறந்த சாண்டலில் மணல் உதிர்ந்துவிடும், சிப்பி ஓடு விரலைக் கிழிக்கும். இப்போதைக்கு நியாயமாகத் தோன்றுவது, விரல்களுக்கு முன்னால் மறைப்பும் பக்கங்களில் திறப்பும் குதிகால் வாரும் கொண்ட, முன்பாதத்தில் மட்டும் மடங்கும் சாண்டல். நனைந்தால் அன்றே காய்வது. மூன்று மாதத்தில் மாற்ற மனம் வரும் விலையில் கிடைப்பது. இதையும் சோதித்து நிறுவிய ஆய்வு என்று எதையும் காட்ட இயலாது. இது சான்றுகளிலிருந்து வந்த ஊகம்.

திறந்து கிடக்கும் கேள்விகளில் முக்கியமானது, மங்களூர் ஆய்வு தொடாத ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது. வளைவின் உயரத்தோடு காயம், கொப்புளம், தொற்று, வெளியே விளையாடிய நேரம் ஆகியவற்றையும் அதில் கணக்கிட வேண்டும். அண்ணன் போட்ட செருப்பைத் தம்பிக்குப் போடலாமா என்ற, குப்பத்து வீடுகளுக்கு மிகத் தேவையான கேள்விக்கும் சான்று மெலிந்தே இருக்கிறது. இரண்டாம் பிரிவின் அச்சுகளில் காலணி தயாராகும்போது அதன் அடிப்பாகம் எவ்வளவு வளைகிறது என்பதோடு, எந்த அழுத்தத்தில் கருவேல முள் அதைத் துளைக்கிறது, நண்பகல் மணலில் எத்தனை நிமிடத்தில் உள்தட்டு சூடேறுகிறது என்பதையும் அளந்து பார்க்கலாம். அதற்கான கூடங்களும் வல்லுநர்களும் அடையாற்றில் இருக்கிறார்கள்; மணலும் முள்ளும் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.